தோல் ஒன்றே யோக்கியதையா?

சிங்கப்பூரில் ஆங் மோ கியோ என்றோர் ஊர் உண்டு. ஹொக்கியன் பாஷையில் 'ஆங் மோ' என்றால் செம்மயிர், அஃதாவது வெள்ளைக்காரன். 'கியோ' என்பது பாலம் என்பர் சிலர். மூன்று சொல்லும் சேர்ந்து தக்காளிப்பழத்தைக் குறிக்கும் என்பர் வேறு சிலர். பாலமோ பழமோ, செம்மயிரான் பெயர் அவ்வூருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே அடுக்குமாடி வீடொன்றில் நமது சித்தி குடியிருக்கிறார். அவர் வீட்டில் தங்கித்தான் நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தோம். இப்போது ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்துவரினும், விடுமுறை வந்தால் அங்கே போய்த் தங்குவது நமது வழக்கம்.

சென்ற முறை போயிருந்தபோது கூடத்தில் சினிமாப் பேச்சு நடந்தது. "எமி ஜாக்சன் வெள்ளைக்காரி, நம் தமிழ்ப் படத்தில் வந்து நடித்தாள். நமக்கு எவ்வளவு பெருமை!" என்றார் ஒருவர். "சிமோன் ஆஷ்லி நம் தமிழ்ப் பெண், அயல்நாட்டுத் தொடரில் கதாநாயகியாகவே நடித்துவிட்டாள். அதுவும் நமக்குத்தான் பெருமை!" என்றார் மற்றொருவர். வந்தாலும் பெருமை, போனாலும் பெருமை! இவ்விரண்டு பெருமைகளையும் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்த சித்தி, கீழே விளையாடப் புறப்பட்ட தம் பேத்தியைப் பார்த்து, "வெயிலில் நிற்காதேடி, இன்னும் கறுத்துப்போவாய்" என்று ஒரு சொல் சொன்னார். ஒருவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் தாய், அஃதாவது நமது தங்கை, மட்டும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் ஏன் எழுந்து போனாள் என்பது நமக்குத் தெரியும். அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அவ்விரு நடிகைகளின் வரலாற்றையும் முதலில் பார்ப்போம். இருவரும் பிரிட்டிஷ் பிரஜைகள். இருவரும் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் பேர் பெற்றவர்கள். ஏறக்குறைய ஒரே பிராயத்தினர்.

எமி ஜாக்சன் ஐல் ஆஃப் மான் தீவில் பிறந்து லிவர்பூலில் வளர்ந்தவர். அழகிப் பட்டம் பெற்று விளம்பரங்களுக்கு நின்றவர். நடிப்பு அனுபவம் ஏதும் அவருக்கு இருந்ததில்லை. அவருடைய புகைப்படத்தைப் பார்த்து இயக்குநர் விஜய் அவரைச் சென்னைக்கு வரவழைத்தார். 2010-இல் வெளிவந்த 'மதராசபட்டினம்' என்னும் படத்தில், சலவைத் தொழிலாளியான ஓர் இளைஞனைக் காதலிக்கும் கவர்னர் மகளாக அவர் நடித்தார். வெள்ளைக்காரி வேஷத்துக்கு வெள்ளைக்காரி, அது நியாயமே. அதில் நமக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை. அதன் பின் நடந்ததுதான் விசேஷம். 2015-இல் 'ஐ' படத்தில் அவர் தமிழ்நாட்டு விளம்பர அழகியானார். 2016-இல் 'தெறி'யில் கறுங்கூந்தல் வைத்து மலையாளத்துப் பள்ளி ஆசிரியையானார். 2018-இல் வந்த '2.0'வில் யந்திரப் பெண்ணானார். யந்திரத்துக்குத் தாய்பாஷை தேவையில்லை என்பதால், அவ்வேஷமாவது பொருத்தமென்று ஒப்புக்கொள்ளலாம்! இடையில் அமெரிக்காவின் 'சூப்பர்கேர்ள்' என்னும் தொலைக்காட்சித் தொடரிலும் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் நடித்தார். அந்த அம்மையார்மீது நமக்கு யாதொரு கோபமும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தார், உழைத்தார், கூலி பெற்றார். நமது கேள்வி கூப்பிட்டவர்களை நோக்கியதும், கைதட்டிய நம்மை நோக்கியதுமாகும்.

சிமோன் ஆஷ்லி 1995-இல் இங்கிலாந்திலுள்ள சர்ரே மாகாணத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிறந்தபோது இட்ட பெயர் சிமோன் அஷ்வினி பிள்ளை. லண்டனில் நாடகப் பயிற்சி பெற்று, தொலைக்காட்சித் தொடர்களில் சிறு வேஷங்கள் ஏற்று, 2019 முதல் 'செக்ஸ் எஜுகேஷன்' என்னும் தொடரில் துணைப் பாத்திரமாக வந்து, 2022-இல் 'பிரிட்ஜர்ட்டன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் கதாநாயகியானார். அக்கதை ஜூலியா குவின் என்னும் அமெரிக்க ஆசிரியை 2000-இல் எழுதிய நாவலைத் தழுவியது. நாவலில் வரும் கேட் ஷெஃபீல்டு வெள்ளைக்காரப் பெண். தொடரை எடுத்தவர்கள் அவளை இந்தியாவிலிருந்து வந்த கேட் ஷர்மாவாக மாற்றி, கறுத்த தமிழ்ப் பெண் ஒருவரை அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கை எட்வினாவாக நடித்த சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணே.

இப்போது இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ் பேசத் தெரியாத, நடித்துப் பழகாத வெள்ளைத் தோலுக்குக் கோடம்பாக்கத்தின் கதவு புகைப்படத்தைக் காட்டிய மாத்திரத்தில் திறந்தது. பயிற்சி பெற்ற கறுத்த தமிழ்த் தோலுக்கு அதே கதவு திறந்திருக்குமா? சிமோன் ஆஷ்லி இங்கிலாந்தில் பிறக்காமல் திருநெல்வேலியில் பிறந்து, கையில் புகைப்படத்துடன் சென்னைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? கதாநாயகியின் தோழி வேஷம். அல்லது நகைச்சுவை நடிகரைத் துரத்தும் பெண் வேஷம். இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய தமிழன் எவனாவது இருந்தால் முன்வரட்டும்.

இந்த நிலைமை ஆதியிலிருந்தே இருந்ததா? இல்லை. 1931-இல் தமிழ் பேசிய முதற்படமான 'காளிதாஸ்' வந்தபோது, கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி மேடையில் பாடிப் பேசிப் பழகிய நாடக நடிகை. தமிழும் குரலும் இல்லாதவள் திரையில் நிற்க முடியாத காலம் அது. அவ்வம்மையார் 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே இயக்கவும் செய்தார். பிற்பாடு பின்னணிப் பாட்டு வந்தது. நடிகை பாடவேண்டியதில்லை என்றாயிற்று. அதன் பின் பின்குரல் வந்தது. நடிகை பேசவேண்டியதும் இல்லை என்றாயிற்று. பாட்டு ஒருத்தியுடையது, பேச்சு ஒருத்தியுடையது. ஆகவே திரையில் நிற்பவளிடம் மீதி வேண்டியிருந்தது தோல் ஒன்றுதான். தோல் ஒன்றே வேண்டுமென்றால் அதை எங்கிருந்து வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாமல்லவா? பம்பாயிலிருந்து இறக்கினார்கள்; பிறகு லிவர்பூலிலிருந்தும் இறக்கினார்கள். சரக்கு தூரத்திலிருந்து வர வர மதிப்பு ஏறிற்று. 1978 முதல் தமிழ்த் திரையில் புகழ்பெற்று விளங்கிய கறுத்த நிறத்து நடிகை சரிதா, பிற்காலத்தில் வேறு நடிகைகள் பலருக்குப் பின்குரல் கொடுத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். கறுத்தவளின் குரல் வேண்டும், முகம் வேண்டாம்!

கறுத்த பெண்களுக்கு இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இடம் உண்டு, எந்த இடம் என்பதுதான் கேள்வி. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றார். 2015-இல் 'காக்கா முட்டை' படத்தில் ஐசுவர்யா ராஜேஷ் சேரியில் வாழும் இரண்டு சிறுவரின் தாயாக நடித்து யாவராலும் புகழப்பட்டார். தம் நிறத்தைக் காட்டி ஒதுக்கப்பட்டதை அவரே பின்னாளில் மேடையேறிச் சொன்னார். அதே 2015-இல்தான் 'ஐ' படமும் வந்தது. ஒரே ஆண்டில் வெள்ளைத் தோல் விளம்பர அழகி. கறுத்த தோல் சேரித்தாய். அஃதாவது தமிழ்த் திரையில் கறுப்பு என்பது ஒரு நிறமன்று. அது ஏழ்மைக்குரிய ஒப்பனை. கூலிக்காரி, வேலைக்காரி, கிராமத்துப் பேதை என்றால் கறுப்பைத் தேடுவார்கள். பட்டுடுத்தி மாளிகையில் நடப்பவள் என்றால் வெளுப்பைத் தேடுவார்கள். வாய்த்துடுக்கும் குதிரையேற்றமும் செருக்கும் உள்ள ஒரு சீமாட்டியாகக் கறுத்த தமிழ்ப் பெண்ணைக் கற்பனை செய்து பார்க்க, அயல்நாட்டானால் முடிந்தது, நம்மால் முடியவில்லை.

இந்த வெளுப்பு மோகம் தமிழரின் பழைய ருசியா என்றால், அதுவும் இல்லை. சங்கப் பாட்டுக்களைப் படித்தவர்களைக் கேளுங்கள். அங்கே தலைவியின் அழகைச் சொல்லும் சிறந்த சொற்களில் ஒன்று மாமை. மாந்தளிர் போன்ற நிறம், கருமையோடு கூடிய ஒளி என்று அதை விளக்குவார்கள். கரிய நிறத்தவளை மாயோள் என்று அழைத்தார்கள். முல்லை நிலத்துத் தெய்வமும் மாயோன்தான். வெளுப்புக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? பசலை! தலைவன் பிரிந்தபோது, ஊணும் உறக்கமும் குறைந்து, தலைவியின் மேனி நிறம் கெட்டு வெளிறிப்போவதற்கே அப்பெயர். வள்ளுவர் அந்தத் துன்பத்துக்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். பொன்னிறத்தைப் புகழ்ந்த இடங்களும் பழம்பாட்டில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் முன்னோர் நோயென்று கண்டு வருந்திய வெளிறலை, நாம் குழாயில் அடைத்து விலைகொடுத்து வாங்குகிறோம். 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஒரு முகப்பூச்சு, 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரோடு நாற்பத்தைந்து ஆண்டு நம் வீட்டு அலமாரிகளில் குடியிருந்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2020-இல் அதன் பெயரில் 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. பெயர் மாறிற்று, வாங்குகிறவன் மனம் மாறிற்றா?

பழம்பாட்டின் பேச்சு வந்ததனால் பாரி மகளிரையும் நினைப்போம். பறம்புமலைத் தலைவன் பாரி மூவேந்தர் பகையால் மாண்ட பின், அவன் மகளிர் பாடியதாக உள்ள பாட்டு புறநானூற்றில் 112-ஆவது. அவர்களுக்கு மணம் வேண்டிக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்ற கதையும் அந்நூலிலேயே இருக்கிறது. அம்மகளிருக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சொல்வது பிற்கால வழக்கு. நாட்டையும் தந்தையையும் இழந்து, சில அடிகளில் தம் துயரத்தை என்றைக்கும் அழியாதபடி பாடிவைத்த அப்பெண்களைத் தமிழ்த் திரை எவ்விதம் கௌரவித்தது?

2007-இல் 'சிவாஜி' என்றொரு படம் வந்தது. அதிலே அண்டை வீட்டுப் பெண்கள் இருவருக்கு அங்கவை, சங்கவை என்று பெயர். இருவர் முகத்திலும் கரியப்பியதுபோல் ஒப்பனை. அவர்களைக் கண்டு கதாநாயகன் தரப்பார் மிரள்வதுதான் ஹாஸ்யம். அப்பெண்களுக்குத் தகப்பனாக நடித்தவரோ, பட்டிமன்ற மேடைகளில் பழந்தமிழ் பேசிப் புகழ்பெற்ற தமிழாசிரியர் சாலமன் பாப்பையா! அதே படத்தில் தமிழ்ச்செல்வி என்ற பெயருள்ள கதாநாயகியாக நடித்தவர் வட இந்தியாவிலிருந்து வந்த நடிகை. கதாநாயகன் தன் கறுப்பு நிறத்தை வெளுக்கவைக்கப் படாதபாடு படுவான். ஒரு பாட்டிலே அவனுக்குக் கணினியின் உதவியால் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் தோல் நிறமே ஏற்றப்பட்டது. வெளுத்தவள் தமிழ்ச்செல்வி; கரி பூசப்பட்டவர்கள் பாரி மகளிர். தமிழன் தன்னைத்தானே இதைவிடக் கேவலமாக எவ்விதம் ஏசிக்கொள்ள முடியும்?

அந்தப் படத்தைச் சிங்கப்பூரில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். கொட்டகை முழுதும் சிரித்தது. நாமும் சிரித்தோம், வயிறு நோகச் சிரித்தோம். ஆங் மோ கியோவுக்குத் திரும்பி வந்து, மின்தூக்கிக்குக் காத்து நிற்கையில், சித்தி மகளைப் பார்த்து "வா, அங்கவை" என்று அழைத்தவர்களும் நாமேதான். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்தப் பெயர் உறவினர் வீடுகளில் எல்லாம் பரவிற்று. அவளுக்கு வரன் பார்க்கும் காலம் வரையில் நிற்கவில்லை. பாரி மகளைப் பற்றி ஒரு வரி அறியாத வாய்களெல்லாம் பாரி மகளின் பெயரை வசைமொழியாக வழங்கின. சென்ற முறை அவள் கூடத்தை விட்டு எழுந்து போனாளே, அதற்குக் காரணம் இதுவே. ஆகையால் இக்கட்டுரையில் பிறரைக் குற்றம் சொல்லும் இடங்களிலெல்லாம் நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம் என்பதை வாசகர்கள் அறியவேண்டும்.

நிற்க. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் மின்னணுக் கட்டண முறைக்கான ஒரு விளம்பரம் வெளியாயிற்று. சீன நடிகர் ஒருவரே நான்கு வேஷம் கட்டினார். அவற்றுள் ஒன்று, முகத்துக்குக் கறுப்பு நிறம் பூசிய இந்தியர் வேஷம். மார்பில் முத்துசாமி என்று பெயர் வேறு. தமிழர்கள் கொதித்தார்கள். கொதித்தது முற்றிலும் நியாயம். நமது முகம் பிறருடைய முகத்தில் பூசிக்கொள்ளும் சாயமன்று. சம்பந்தப்பட்டவர்கள் மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் ஒன்று கேட்கிறோம். சீனர் ஒருவர் முத்துசாமிக்காகப் பூசிய சாயம் நமக்கு அவமானமாயிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழரே பாரி மகளிருக்குப் பூசிய சாயம் ஏன் நகைச்சுவையாயிருந்தது? பிறன் பூசினால் இழிவு, நாமே பூசினால் கலையா? மானமென்பது ஆளைப் பார்த்து வருவதானால் அது மானமாகுமா?

இனி, நமக்குச் சொல்லப்படும் சமாதானங்களைப் பார்ப்போம்.

"கலைக்குத் தேசமேது, நிறமேது? வெள்ளைக்காரி தமிழச்சி வேஷம் போட்டால் என்ன குற்றம்?" என்பர். குற்றமில்லை. பாலம் என்றால் இருபுறமும் நடக்கவேண்டும் என்பதே நமது கட்சி. வெள்ளைக்காரி தமிழச்சியாகலாம், ஆனால் கறுத்த தமிழச்சி தமிழச்சியாகக் கூடாது என்பதற்குக் கலை என்று பெயர் வைக்காதீர்கள்.

"ஜனங்கள் அதைத்தான் விரும்புகிறார்கள், முதல் போட்டவன் என்ன செய்வான்?" என்பர். சரிதா நடித்த படங்களை ஓடவைத்தவர்கள் எந்த ஜனங்கள்? 'காக்கா முட்டை'யைக் கொண்டாடியவர்கள் யார்? ருசி என்பது ஊட்டப் பழகுவது. பசலையை நோயென்று கருதிய ஒரு சமூகத்துக்கே வெளுப்பில் ருசி உண்டாக்க முடிந்ததென்றால், அதை மாற்றவும் முடியும்.

"அயல்நாட்டான் மட்டும் யோக்கியனா?" என்பர். அல்லன். அவனுடைய கேட் பேச்சைக் கேளுங்கள்: தந்தையைக் குறிக்கும்போது 'அப்பா' என்று தமிழ், தங்கையை அழைக்கும்போது 'போன்' என்று வங்காளி, தங்கை அவளை அழைப்பது 'தீதி' என்று இந்தி. குலப்பெயரோ ஷர்மா! தமிழ் முகத்துக்கும் உயர்வு வேண்டுமானால் ஒரு பார்ப்பனப் பட்டம் ஒட்டவேண்டும் என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது போலும். 2025-இல் வந்த 'எஃப் 1' என்னும் பெரும்படத்தில் அதே சிமோன் ஆஷ்லி நடித்த பாத்திரம் படத்தொகுப்பில் பெரும்பாலும் வெட்டுண்டு போயிற்று. அங்கே சுவர்க்கம் இருப்பதாக நாம் சொல்லவில்லை. அரைகுறையாகவேனும் அவன் செய்ததை, உரிமைக்காரராகிய நாம் செய்யவில்லை என்றே சொல்லுகிறோம்.

மற்றொரு விஷயம். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விடவேண்டுமென்று தீர்மானித்தது. சிமோன் அஷ்வினி பிள்ளை தம் தொழிற்பெயரில் பிள்ளையை விட்டது அந்தத் தீர்மானத்துக்காக என்று நாம் உரிமை கொண்டாடப்போவதில்லை. ஆனால் 'நம் தமிழ்ப் பெண்' என்று பூரித்த அன்றைய கூடத்திலேயே, அவர் விட்ட பட்டத்தைத் தேடிப்பிடித்து, "எந்த ஊர்ப் பிள்ளைமார்?" என்று ஒரு பெரியவர் விசாரித்தார். நிறத்தில் ஒரு தராசு, ஜாதியில் ஒரு தராசு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நாம் பிறர் நிறவெறியைக் கண்டிக்கப் புறப்படுகிறோம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது நம் பழமொழி. கறுத்த குஞ்சைப் பொன்னென்று பார்க்கும் புத்தி காக்கைக்கு இருக்கிறது. தமிழனோ தன் குஞ்சைப் பார்த்து, வெயிலில் நிற்காதே என்கிறான்.

என்ன செய்யவேண்டும்? பெரிய காரியங்கள் அல்ல. மணமகள் தேடும் விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று எழுதும் வீட்டாருக்கு, அதை அடித்துவிட்டு அனுப்பும்படி உறவினர் சொல்லவேண்டும். பெண்ணைக் கறுப்பென்று பழிக்கும் ஹாஸ்யம் திரையில் வந்தால் சிரிக்காமல் எழுந்து வரவேண்டும். நம்மூர்த் தமிழ் நாடக மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் அரசி வேஷத்துக்கும் வக்கீல் வேஷத்துக்கும் கறுத்த பெண்களைத் தேடவேண்டும். எவரேனும் பாரி மகளிர் நாடகம் போடுவாராயின், கரியும் வேண்டாம், மாவும் வேண்டாம்; நம் வீட்டுப் பெண்கள் தம் சொந்த முகத்தோடு நிற்கட்டும்.

நமது பங்குக்கு, அன்று சாயங்காலமே அடுக்களைக்குப் போய்த் தங்கையிடம், 2007-இல் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டோம். "பதினெட்டு வருஷம் கழித்தா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். வேறொன்றும் பேசவில்லை. பிறகு நாம் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். நல்ல வெயில். இருட்டும் வரையில் குழந்தை விளையாடினாள்.